கையோடு வந்த நட்டு

டணார்!

இரும்பின் மேல் இரும்பு விழுந்த சத்தத்தில் தமயந்தியின் கை உதறியது. பாலில் பாதி அடுப்பிலேயே கொட்டித் தீய்ந்தது. அடுத்த அடி விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. பூம்பாறைப் பூண்டு வயல்களின் மேல் இன்னும் மஞ்சு விலகவில்லை. ஊர் போர்வைக்குள் கிடக்கும் நேரம்.

சத்தம் முற்றத்திலிருந்து வந்தது. கார் நிற்கிற மூலையிலிருந்து.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

தார்ப்பாய் ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது. அந்தக் காரைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று அவள்தான் அதை மூடச் சொல்லியிருந்தாள். கூரை நசுங்கிப் போயிருந்தது. இடது பக்க முன் சக்கரம் இருந்த இடம் வெறும் குழி. அந்தப் பக்கத்துக்குச் செங்கல்லை அண்டக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். வலது பக்கத்தில் கொழுந்தன் குமரகுரு மண்டி போட்டு உட்கார்ந்து, சம்மட்டியை மறுபடி ஓங்கிக்கொண்டிருந்தான்.

"கொழுந்தனாரே! என்ன பண்றீங்க?"

"மத்தியானம் லாரி வருது மதினி. திண்டுக்கல் பழைய இரும்புக்காரன். காரக் கொண்டு போகட்டும். வீல விட மாட்டேன். அண்ணன் ஆசைப்பட்டு வாங்கிப் போட்டது. கழட்டிருவோம்னு பாத்தா இந்த லாக் நட்டு உசுர வாங்குது."

அவள் சுருண்டு கிடந்த தார்ப்பாயைக் காலால் ஒதுக்கினாள்.

புருஷன் சேனாதிபதி செத்து இன்னும் முப்பதாம் நாள் கும்பிடவில்லை. ஆயுத பூசைக்கு மறுநாள் விடிவதற்கு முன்னால், வட்டக்கானல் விடுதியில் தங்கியிருந்தவர்களைக் கொடை ரோடு ரயிலுக்குக் கொண்டுபோய் விடச் சவாரிக்கு அழைப்பு வந்தது. அவசரமாகக் கிளம்பிய இந்தக் கார் ஊர் எல்லை தாண்டிய வளைவில் சோலைக்குள் உருண்டது. ஓட்டியவன் தமயந்தியின் தம்பி முகேஷ். பக்கத்தில் இருந்த அவள் புருஷன் அங்கேயே முடிந்து போனான். தம்பி ஒரு கை முறிந்ததோடு பிழைத்தான்.

'வேகமா வந்தேன். எந் தப்புத்தான்' என்று போலீசிடம் அவனே சொல்லிவிட்டான். அதற்கு மேல் யாரும் எதையும் கிளறவில்லை. உருண்ட உருளலில் சக்கரம் பிய்ந்து போனது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

கருமாதி அன்றைக்கு மாமியார் சோலையம்மாள் அத்தனை சொந்தபந்தத்துக்கும் நடுவில் கேட்டாள்.

'எம் மவனக் கொன்னவன் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. உனக்குத் தம்பி வேணுமா, இந்த வீடு வேணுமா? நீயே சொல்லுத்தா.'

தமயந்தி மகள் சௌம்யாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து தம்பியின் போனை எடுப்பதில்லை. ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது. முகேஷ் வேகமாக ஓட்டுகிறவனே இல்லை. 'உன் தம்பி ஓட்டுனா பூண்டு மூட்ட தூக்குற கழுதகூட நம்மள முந்திட்டுப் போகும்' என்று சேனாதிபதி ஓயாமல் கேலி செய்வான்.

"மதினி, அந்தக் கல்ல டயருக்கு அடியில தள்ளுங்க. வண்டி நகருது."

அவள் கல்லைத் தள்ளினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒவ்வொரு சக்கரத்திலும் நான்கு நட்டுகள். மூன்றைச் சாதாரண ஸ்பானரால் கழற்றிவிடலாம். நாலாவதுதான் லாக் நட்டு. கொடைக்கானலில் லாட்ஜ் வாசலில் நிறுத்தியிருந்த கூட்டாளி ஒருவனின் காரில் ராத்திரியோடு ராத்திரியாக ரெண்டு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்த வாரமே சேனாதிபதி இதை வாங்கிப் போட்டான். அதன் தலையில் பூ வெட்டியதுபோல ஒரு அச்சு இருக்கும். அதே அச்சில் கட்டை விரல் அளவுக்கு ஒரு இரும்புத் துண்டு; அதுதான் சாவி. அதை நட்டின் மேல் பொருத்தி அப்புறம்தான் ஸ்பானரைப் போட முடியும். உலகத்தில் அந்தக் காருக்கு அது ஒன்றுதான். சௌம்யா கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஒற்றைச் சிவப்பு சாக்ஸுக்குள் சுருட்டி, டாஷ்போர்டில் வைத்திருப்பான்.

"சாவி எங்க போச்சோ தெரியல. காருக்குள்ள துழாவிட்டேன். அண்ணன் திருடனுக்குப் பயந்து போட்டது, இப்ப நம்மளத் திருடன் மாதிரி ஒடைக்க வெச்சிருச்சு" என்றான் குமரகுரு.

நட்டின் தலையைவிட ஒரு நூல் சின்னதான சாக்கெட்டை அதன் மேல் வைத்தான். சம்மட்டியால் அடித்து அடித்து இறக்கினான். சாக்கெட்டின் பல் நட்டைக் கடித்துப் பிடித்ததும் கம்பியைச் செருகி, கம்பிக்கு மேல் தண்ணீர்க் குழாய் ஒன்றை மாட்டி, அதன் நுனியில் ஏறி நின்றான். ஆள் எடை முழுவதும் அதில் தொங்கியது. நட்டு அசையவில்லை. டீசலை ஊற்றிவிட்டு மறுபடி ஏறினான். எலும்பு முறிகிறாற்போல ஒரு சத்தம். நட்டு கழன்றது.

"இப்படித்தான் இருக்கணும். அண்ணன் முடுக்குனா முடுக்குனதுதான்" என்று அவன் நெற்றியைத் துடைத்தான். "மதினி, வீல் ஸ்பானர எடுங்க."

ஸ்பானரை எடுத்தவள் அப்படியே நின்றாள். கைப்பிடியில் சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் குங்குமம். ஆயுத பூசையன்று அவள் கையால் வைத்தது.

குமரகுரு அன்றைக்கு ஜீப் ஸ்டாண்டு பூசைக்குப் போயிருந்தான். அத்தை சோலையம்மாள் கோயிலில். வீட்டில் இவர்கள் நாலு பேர்தான். ராகு காலம் வந்துவிடும் என்று அவள் பறந்துகொண்டிருந்தாள். முற்றத்தில் கிடந்த அரிவாள், மண்வெட்டி, டூல்ஸ் பெட்டி எல்லாவற்றையும் வாரிக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினாள். வீட்டுப் பாடம் பாக்கி இருக்கிறது என்று சௌம்யா கணக்குப் புத்தகத்தைக் கேட்டு அழுதாள். 'பூசையில வெச்சத மறுநாள் சாமி கும்பிட்டுத்தான் எடுக்கணும். நாளைக்கு' என்று விரட்டினாள். முகேஷ் சுண்டலில் கை வைத்தான். 'பூசை முடியட்டும்டா' என்றாள். சேனாதிபதி கை நிறைய சோப்பு நுரையும் கிரீஸுமாக அடுப்படி வாசலில் வந்து நின்று என்னவோ கேட்டான். கடுகு தாளித்த சத்தத்தில் அரையும் குறையுமாகக் கேட்டது. அகப்பையை ஓங்கி, 'எதுவானாலும் நாளைக்கு, போங்க' என்றாள். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

என்ன கேட்டான்? காப்பியா, துண்டா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டாள். நினைவுக்கு வரவே இல்லை. அவன் கடைசியாக ஆசையாக எதையோ கேட்டிருக்கிறான். அது என்ன என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்பதுதான் அவளுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

"மதினி, ஸ்பானரு."

கொடுத்தாள்.

வலது பக்கம் ரெண்டும் முடிந்தன. இடது பக்கத்தில் பின் சக்கரம் ஒன்றுதான் பாக்கி. குமரகுரு ஸ்பானரைப் போட்டு ஒரு திருப்புத் திருப்பினான். நட்டு எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுழன்றது. அடுத்ததும் அப்படியே.

"என்னது இது, தொளதொளன்னு கெடக்கு?"

லாக் நட்டின் மேல் சாக்கெட்டை அடித்து இறக்கினான். குழாயை மாட்டி, முந்தைய ரெண்டுக்கும் கொடுத்த பலத்தை இதற்கும் கொடுத்து எம்பினான். எதிர்ப்பே இல்லாமல் குழாய் சுற்றிக்கொண்டு வந்தது. அவன் மல்லாக்க விழுந்தான்.

எழுந்தவன் மண்ணைக்கூடத் தட்டவில்லை. சாக்கெட்டை உருவிவிட்டு, ரெண்டு விரலால் நட்டைப் பிடித்துத் திருகினான். அது கையோடு வந்தது.

உள்ளங்கையில் அதை உருட்டிப் பார்த்தான்.

"மதினி, இத எவனோ கழட்டி வெச்சிருக்கான்."

"கார் உருண்டதுல கழண்டிருக்கும்."

"அதே உருளல்ல வலது பக்கம் கழண்டுச்சா? ஏறி நின்னு முறிச்சேன், பாத்தீங்கல்ல. இடது பக்கம் பின் சக்கரம் கையோட வருது. முன் சக்கரம் காணவே காணோம். ரெண்டும் ஒரே பக்கம்." அவன் குரல் இறங்கியது. "அண்ணன் விழுந்ததால சக்கரம் போகல. சக்கரம் போனதால அண்ணன் விழுந்திருக்கு."

தமயந்திக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நெஞ்சில் இருந்த கல் ஒன்று புரண்டு விலகியது. முகேஷ் கொல்லவில்லை. என் தம்பி கொல்லவில்லை.

"அப்ப முகேஷ் வேகமா வந்ததால இல்ல!" அவளை அறியாமல் சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

"எதுத்தா இல்ல?"

சோலையம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கம்பளியைப் போர்த்தியிருந்தாள். மகன் கையிலிருந்த நட்டையும் மருமகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். குமரகுரு சொல்லச் சொல்லக் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சாவி இல்லாம இத யாராலயும் தொட முடியாதுன்னு சொல்லுவானே பெரியவன். சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

தமயந்தி கொழுந்தனைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தாள்.

கார் வாங்குவதற்காகக் கீழ்வயல் பூண்டு நிலத்தை விற்றபோது அண்ணனுக்கும் தம்பிக்கும் நடந்த சண்டை ஊரறிந்தது. 'அந்தக் கார் எறங்குன எறக்கம் திரும்பி ஏறாது பாரு' என்று தெருவில் நின்று சொன்னவன் இவன்தான்.

"என்ன மதினி அப்படிப் பாக்குறீங்க?"

"நீங்க அன்னைக்குச் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்துச்சு."

குமரகுருவின் கையிலிருந்த குழாய் கல்லில் விழுந்து அதிர்ந்தது.

"கோவத்துல சொன்னது. எங்கூடப் பொறந்தவன் அவன்! சாவி எங்கிட்ட இருந்தா வெள்ளனே எந்திரிச்சு இந்த அடி அடிப்பனா? வெரசா கழட்டிப் போட்டுட்டு எஞ் சோலியப் பாக்கப் போயிருப்பேன்ல?"

அவள் பார்வையை நட்டுக்குத் திருப்பினாள். அவன் விடவில்லை.

"லாக் நட்டு வாங்குன அன்னைக்கு அண்ணன்கூட உக்காந்து மாட்டுனது யாரு? சாவி எங்க இருக்கும்னு தெரிஞ்சவன் யாரு? பூசையன்னைக்கு நாள் பூரா இந்த முற்றத்துல கெடந்தது யாரு?"

"முகேஷ் அவர் மேல உசுரையே வெச்சிருந்தான்."

"அப்ப எதுக்குப் பொய் சொன்னான்? வண்டி ஓட்டுறவனுக்குத் தெரியாதா, சக்கரம் கழண்டுச்சா, வேகத்துல விட்டமான்னு? ஸ்டியரிங் கையில ஆடுமே மதினி! தெரிஞ்சும் 'எந் தப்பு, வேகமா வந்தேன்'னு எதுக்குச் சொன்னான்? செய்யாத தப்ப எவனாவது வலிய இழுத்துத் தலையில போட்டுக்குவானா? அதவிடப் பெருசா எதையோ மறைக்கிறான்."

தமயந்தியின் நெஞ்சில் விலகிய கல் மறுபடி வந்து உட்கார்ந்தது. இந்த முறை இன்னும் கனமாக.

"நான் போய்க் கேக்குறேன்" என்றாள்.

"முப்பது கும்பிடாம வாசப்படி தாண்டுவியா? கேக்கப் போறியா, இல்ல ஓடிப் போயிருன்னு தம்பிக்குச் சொல்லப் போறியா?" என்றாள் சோலையம்மாள்.

"அத்தை, செத்தது உங்களுக்கு மகன். எனக்குப் புருஷன். யாரு கழட்டியிருந்தாலும் எங் கையாலயே புடிச்சுக் குடுப்பேன். அது எந் தம்பியா இருந்தாலும் சரி."

சோலையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விலகி வழி விட்டாள்.

"லாரிய வர வேணாம்னு சொல்லிர்றேன். மத்தியானம் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல இந்த நட்டோட நேரா ஸ்டேஷன்தான்" என்றான் குமரகுரு. நட்டைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சௌம்யாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அவள் ஜீப் ஏறினாள். உள்ளே பூண்டு மூட்டைகளுக்கும் ஆட்களுக்கும் நடுவில் ஒரு கையகல இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த பொன்னுத்தாய் நகர்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"எங்கத்தா, அதுக்குள்ள கெளம்பிட்ட?"

"டவுனுக்கு."

"டவுனு எங்கயும் ஓடியா போகுது? சோலையம்மா எப்பிடி விட்டா? எங்க காலத்துல அடுப்படி தாண்ட மாட்டோம்."

"உங்க காலத்துல இந்த ஜீப்பும் இல்ல பெரியம்மா. மூட்டைய நகத்துங்க, கால் நசுங்குது."

ஜீப்பில் யாரோ சிரித்தார்கள். பொன்னுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வளைவு வந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். பேச்சு தானாக நின்றது. உடைந்த தடுப்புச் சுவரின் மேல் யாரோ செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். அது மழையில் அழுகித் தொங்கியது. தமயந்தி கண்ணை மூடவில்லை. சோலையின் இருட்டுக்குள் அந்தச் சக்கரம் எங்கோ கிடக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

முகேஷ் தங்கி வேலை பார்க்கும் விடுதி இருக்கிற வட்டக்கானலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மஞ்சு விலகி, மலைக்கு அந்தப் பக்கம் சமவெளி தெரிந்தது. முதுகில் பை சுமந்த ரெண்டு பேர் டால்பின் நோஸுக்கு எப்படிப் போக வேண்டும் என்று அவளைக் கேட்டார்கள். கையைக் காட்டிவிட்டு இறங்கி நடந்தாள்.

விடுதியின் பின்புறம் முகேஷ் ஒற்றைக் கையால் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தான். வலது கை கட்டோடு கழுத்தில் தொங்கியது. கொடியில் போர்வை ஒரு பக்கமாகவே சரிந்து விழுந்தது. தாடி மண்டியிருந்தது. ஆள் பாதியாகியிருந்தான்.

"அக்கா!" அவன் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "நீயா? உள்ள வா. டீ போடச் சொல்றேன். செக்-அவுட் ரூம் நாலு கெடக்கு, இத முடிச்சுட்டு..."

"லாக் நட்டு சாவி எங்கடா?"

மலர்ந்த முகம் அணைந்து போனது.

"எந்தச் சாவி?"

அந்த ஒரு கேள்வியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் வெல்லம் திருடிவிட்டு 'எந்த வெல்லம்?' என்று கேட்கிற அதே குரல்.

அவனைத் தள்ளிக்கொண்டு அவன் தங்கியிருந்த அறைக்குள் போனாள். ஒரு கட்டில், ஒரு பை, ஜன்னல் ஓரத்தில் மாத்திரை அட்டைகள். தலையணையைத் தூக்கினாள். பையைக் கவிழ்த்தாள். சட்டைகளுக்கு அடியிலிருந்து சிவப்பாக ஒன்று உருண்டு வந்து தரையில் விழுந்தது.

சௌம்யாவின் குழந்தை சாக்ஸ். உள்ளே கனமாக இருந்தது.

"அக்கா, அதக் குடு."

அவள் திரும்பிய வேகத்தில் அவன் கன்னத்தில் அறை விழுந்தது. அவன் விலகவில்லை. கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பின் சக்கரத்துல நட்டு கையோட வருதுடா. குமரகுரு இன்னைக்குக் கழட்டுனப்பத் தெரிஞ்சுபோச்சு. யாருடா கழட்டி வெச்சது? நீயா?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"நான்தான்னு வெச்சுக்க."

"வெச்சுக்கவா? அவர் உனக்கு என்னடா கொறை வெச்சாரு? ஓட்டக் கத்துக் குடுத்தாரு. இந்த வேலைய வாங்கிக் குடுத்தாரு. எம் புள்ள அப்பா எங்கன்னு டெய்லி கேக்குது..."

"போக்கா. வீட்டுக்குப் போ. அத்தை வைய்யும்."

"குமரகுரு ஸ்டேஷனுக்குப் போகப் போறாரு. இது விபத்து கேஸு இல்ல இனிமே. கொலை. விளங்குதா உனக்கு?"

"வரட்டும்" என்றான் முகேஷ். பயந்த குரல் இல்லை. எதையோ எப்போதோ முடிவு செய்துவிட்ட குரல். "நான்தான் ஓட்டுனேன். நான்தான் வேகமா வந்தேன். சாவிய அங்க வெச்சுட்டுப் போயிரு. அது இல்லாட்டி எவனாலயும் எதையும் நிரூபிக்க முடியாது."

"தூக்கி எறிஞ்சிருக்க வேண்டியதுதானே, இவ்வளவு கெட்டிக்காரனா இருந்தா?"

"எறியத்தான் போனேன். மலை முனை வரைக்கும் போனேன். மச்சான் தொட்ட சாமான்க்கா அது..." அவன் உதடு கோணியது. "கை வரல."

தமயந்தி சாக்ஸைத் தலைகீழாக உதறினாள். சாவி உள்ளங்கையில் விழுந்தது. சின்ன இரும்புத் துண்டு. பூ வெட்டிய முனை. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

அதன் தலையில் சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் குங்குமம்.

காலையில் ஸ்பானரில் பார்த்த அதே பொட்டு. அவள் மோதிர விரலால் தொட்டு வைத்த அளவு.

"இது பூசையில இருந்துச்சா?" அவள் மெதுவாகக் கேட்டாள். "டூல்ஸ் பெட்டியோட இதையும் நான் எடுத்துட்டு வந்தனா? அப்ப ராத்திரி பூரா வீட்டுக்குள்ள சாமி முன்னாடிதான இருந்திருக்கு? அதுக்கப்புறம் யாரால எடுத்துக் கழட்ட முடியும்?"

முகேஷ் சட்டென்று கை நீட்டினான். அவள் பின்வாங்கினாள்.

"எப்ப எடுத்த இத?"

"மச்சானக் கொண்டு வந்து கெடத்தியிருந்தாங்கள்ல. அன்னைக்கு. எல்லாரும் வாசல்ல இருந்தீங்க." அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "யாரு கண்ணுலயும் அங்க வெச்சு இது படக் கூடாதுன்னு, பெட்டியில கெடந்த சாக்ஸோட எடுத்தேன். கேக்காதக்கா. கால்ல விழுறேன். இதோட விட்டுரு."

மேலே, விடுதிக்கு இறங்கும் சரிவில் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. தமயந்திக்கு அந்த ஹாரன் தெரியும். குமரகுரு மத்தியானம் வரை பொறுக்கவில்லை. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கூடவே சோலையம்மாளின் குரல். 'எங்கலே அவ? எந்த ரூமு?'

"சொல்லு" என்றாள் தமயந்தி. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அவுங்க வர்றதுக்குள்ள சொல்லு. நட்ட யாரு கழட்டுனா?"

"நானும் மச்சானும்தான்."

"என்னது?"

"பூசையன்னைக்கு இடது பக்க டயர் மாத்திப் போட்டோம். முன்னாடி உள்ளது தேஞ்சு கெடந்துச்சு, பின்னாடி உள்ளத முன்னாடி போட்டோம். கழட்டி, கழுவி, மாட்டி, நட்டக் கையால முடுக்கிட்டுத் திரும்பிப் பாத்தா ஸ்பானர் இல்ல, சாவி இல்ல, டூல்ஸ் பெட்டியே இல்ல. ஊர்ல எல்லா வீட்டுலயும் எல்லாம் பூசையில கெடக்கு, யாருகிட்டப் போய்க் கேக்க? சரி, வண்டியும் பூசையிலதான நிக்குது, வெடிஞ்சதும் முடுக்கிக்கலாம்னாரு மச்சான். வெடியறதுக்கு முன்னாடியே போன் வந்துருச்சு. தூக்கக் கலக்கத்துல, அவசரத்துல, ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்லக்கா."

வெளியே செருப்புச் சத்தம் படியேறியது. தமயந்தியின் விரல்கள் அவன் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக நழுவின.

"ஸ்பானர என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா" என்றாள்.

முகேஷ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் இத்தனை நாள் தேக்கி வைத்திருந்தது வழிந்தது.

"'சாவியக் குடு தமயந்தி, ஒரே நிமிஷம், முடுக்கிட்டுத் தந்துர்றேன்'னு மச்சான் அடுப்படி வாசல்ல வந்து நின்னு கேட்டாரே... நீ என்னக்கா சொன்ன?"